பரமேஸ்வரனின் காது

தென்காசியில் ஒருவர் பெரிய ஆளாவதற்கு அதிகம் தேவையில்லை. ஒரே ஒரு முறை சொன்னது பலித்தால் போதும். அதன்பிறகு முப்பது வருடம் அவர் தவறியதையெல்லாம் ஊர் மன்னித்துவிடும். மன்னிக்கிறோம் என்றுகூட ஊருக்குத் தெரியாது. குற்றாலம் ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் பரமேஸ்வரனுக்குக் காது வந்தது அப்படித்தான்.

அப்போது அவர் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போகும் லாரியில் கிளீனர். திண்டுக்கல் தாண்டிப் போகும்போது, பின் சக்கரத்தில் ஏதோ முனகுது, நிறுத்துங்க என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் நிறுத்தவில்லை. பத்து கிலோமீட்டரில் பேரிங் உடைந்து, சக்கரம் கழன்று, ரோடெல்லாம் எலுமிச்சை உருண்டது. நடந்தது உண்மைதான். ஆனால் அந்த மாதம் முழுக்க அவர் ஏதாவது ஒரு சக்கரத்தைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருந்தார் என்பது டிரைவருக்கு மட்டும் தெரியும். டிரைவர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த ஒரு சக்கரத்தின் மீது பரமேஸ்வரன் ஒரு பட்டறையையே கட்டினார். வேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. நட்டு எந்த அளவுக்கு இறுக வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். எஞ்சினைப் பிரித்து மாட்டினால் ஒரு போல்ட்டும் மிச்சம் வராது. ஆனால் கைவேலைக்கு ஊரில் மரியாதை இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் செங்கோட்டை வரைக்கும் முப்பது பேர் இருக்கிறார்கள். காது உள்ளவர் ஒருவர்தான். அதனால் அவரும் கையை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி வந்ததும் பானட்டைத் திறக்கச் சொல்வார். ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காது எலும்போடு அழுத்தி, கண்களை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைப்பார். அரை நிமிடம் கழித்துக் கண் திறந்து, கெட்ட உறுப்பின் பெயரை மட்டும் ஒரே வார்த்தையில் சொல்வார். "டேப்பெட்." அல்லது "மவுண்டிங்." பதில் எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு ஆழம் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கொஞ்சம் கூடுதல்.

அந்தக் காது கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

முதலில் தெரிந்தது அவர் மனைவி முத்துசெல்விக்கு. குக்கர் ஆறு விசில் அடித்து, பருப்பு கரிந்து, வீடெல்லாம் நாற்றம் பரவியபோது பரமேஸ்வரன் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் கேக்குது, ஒங்களுக்குக் கேக்கலையோ?" என்றாள். வேறு யோசனையில் இருந்தேன் என்றார். பிறகு ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் திருநெல்வேலி போய்ப் பரிசோதித்துக்கொண்டார். கனமான சத்தங்கள் கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தங்கள் கேட்காது, லாரி எஞ்சின் பக்கத்திலேயே இத்தனை வருடம் இருந்ததன் விளைவு, என்று டாக்டர் சொன்னார். காதில் வைக்க மெஷின் உண்டு என்றும் சொன்னார். பரமேஸ்வரன் சீட்டை வாங்கி மடித்து, பஸ் ஜன்னல் வழியாக வெளியே விட்டார்.

டம்டம் என்று அடிக்கும் சத்தங்கள் கேட்டதால் பட்டறை ஓடியது. கேட்காத சத்தங்களுக்கு அவர் வேறு ஒரு வழி வைத்திருந்தார். அது ஜோசியர்களின் வழி. வந்தவரிடமே கேள்வி கேட்டு, வந்தவர் வாயாலேயே பதிலை வரவழைத்து, அதைத் தன் பதிலாகத் திருப்பிக் கொடுப்பது. தெரியவில்லை என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். அந்தச் சொல்லைச் சொல்ல முடியாதவன் எவ்வளவு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் பாவமாகக்கூட இருக்கும், அந்த வேலைக்கு மற்றவர்கள் விலை கொடுக்காமல் இருந்தால்.

இந்த வருடம் குற்றாலத்தில் சாரல் தொடங்கி மூன்று வாரம் கழித்து ஜெனி தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தாள். இலத்தூர்க்காரி. புனலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிப் போய், மறுநாள் ஏறி வருகிறவள்.

"எஞ்சின்லேர்ந்து இஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது அண்ணாச்சி. பாம்பு சீறுத மாதிரி. சிக்னல்ல நிக்கும்போதுதான் நல்லா கேக்குது."

பரமேஸ்வரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கண் மூடினார். எஞ்சின் ஒழுங்காக உறுமிக்கொண்டிருந்தது. அவருக்கு அது மட்டும்தான் கேட்டது.

"ஏசி போட்டா கூடுதாம்மா?"

"கொஞ்சம் கூடுத மாதிரிதான் இருக்கு."

"அதான். பெல்ட்டு."

பெல்ட்டை மாற்றினார். மூன்றாம் நாள் ஜெனி மறுபடி வந்தாள். சத்தம் அப்படியே இருக்கிறது என்றாள். மேடு ஏறும்போது சூடாகிறதா என்று கேட்டார். மலை ஏறினால் எந்த வண்டிதான் சூடாகாது? ஆமாம் என்றாள். ரேடியேட்டர் மூடியில் ஆவி கசிகிறது என்று மூடியை மாற்றினார். சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. இரண்டு முறை தவறியவரிடம் மூன்றாம் முறையும் போவானேன் என்று கேட்கலாம். போகாதிருந்தால் அது தென்காசி இல்லை. கோளாறு காரிடம்தான், காதிடம் இல்லை என்று அவளும் நம்பினாள்.

பட்டறைக்கு அடுத்த கடை கிதிர் முகம்மதுவுடையது. ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறார். வாயும் விற்கிறார் என்று சொல்ல வேண்டும், அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை வண்டி வந்து நின்னா என் கல்லாவுல உக்காந்திருக்க எனக்கே கேக்குது. ஒங்களுக்கு எங்கேர்ந்துன்னு பிடிபடலையோ?"

"கேக்குததுல என்ன இருக்கு கிதிரு? மாடு கூடத்தான் கேக்குது. பிரிச்சு அறியணும்லா."

"அது சரி. மாட்டுக்கு யாரும் பெல்ட்டு மாத்தச் சொல்லிக் காசு குடுக்கலையே."

பரமேஸ்வரன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாம் முறை ஜெனி வந்தது ஒரு திங்கட்கிழமை மதியம். வந்தவள் எஞ்சினை அணைக்காமலேயே இறங்கினாள். பட்டறையில் அப்போது நாலு பேர் நின்றார்கள். குற்றாலத்துக்கு ஆட்களை ஏற்றி வந்து, அவர்கள் குளித்து முடிக்கும் வரை பொழுதைப் போக்கும் வெளியூர் டிரைவர்கள். அவர்களுக்குப் பரமேஸ்வரனின் காதும் ஒரு அருவி மாதிரிதான். பார்த்துவிட்டுப் போகலாம்.

"நேத்து ஆரியங்காவு தாண்டி ஒரு வளைவுல பிரேக்கு பிடிக்கலை அண்ணாச்சி," என்றாள் ஜெனி. "பெடலு கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு காலையும் வச்சு ஏறி மிதிச்சேன். முன்னாடி மரத்தடி ஏத்துன லாரி. இத்தனூண்டு இடைவெளில நின்னுச்சு."

"பிரேக் ஆயில் பாத்தியா?"

"நெறைய இருக்கு. சாயந்திரம் ஆறு மணிக்கு எனக்கு டூட்டி. மலை இறங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. வேண்டாம்னா லீவு சொல்லிருதேன்."

கேள்வி இவ்வளவு தெளிவாக வந்த பிறகு ஜோசியத்துக்கு இடமில்லை. ஆனாலும் பரமேஸ்வரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். டிரைவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். கண் மூடினார். இந்த முறை ஒரு நிமிடம் ஆனது. உள்ளே ஒன்றுமில்லை. சீறுகிறது என்று எல்லாரும் சொல்கிற இடத்தில் அவருக்கு ஒரு வெற்றிடம். இதில் இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. காற்றுச் சீறலை இரும்புக் கம்பி கடத்தாது. நல்ல காது இருந்திருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரில் அது சரியாகக் கிடைத்திருக்காது. அது அவருக்குத் தெரியும். ஆனால் பார்க்க வந்தவர்கள் ஸ்க்ரூ டிரைவரைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

கண் திறந்தார். "ஏசி கேஸு. லேசாக் கசியுது. பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சாரல் நேரம், டிஸ்க்கு நனைஞ்சிருக்கும், அதான் பிடிக்கலை. தைரியமாப் போயிட்டு வா."

ஒரு பெண்ணை மலைச் சரிவில் இறக்கிவிடுவதற்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது: நாலு டிரைவர்கள், ஒரு போன், ஒரு பெயர். மோசமான காரியங்களைச் செய்ய மோசமான ஆட்கள் வேண்டும் என்று நினைக்கிறோம். வேண்டாம். பெயர் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிற ஒருவர் போதும்.

ஜெனி வண்டியில் ஏறப் போனாள். பின்னால் ஒரு வேன் பாதி வழியை அடைத்து நின்றதால், ரோடு வரைக்கும் நானே எடுத்துத் தருகிறேன் என்று பரமேஸ்வரன் ஏறி உட்கார்ந்தார். பின்னோக்கி எடுத்தார். கிதிர் முகம்மதுவின் கடை வாசலில் ஆயில் டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. பிரேக்கை மிதித்தார். பெடல் இறங்கவில்லை. செங்கல்லை மிதித்தது போல் இருந்தது. கார் அதன்பாட்டுக்குப் போனது. இடுப்பைத் தூக்கி ஏறி மிதித்தபோது, கீழ் வரிசை டப்பாவை முத்தமிட்டு நின்றது.

"ஏசி கேஸு நல்லா வேலை செய்யுது அண்ணாச்சி!" என்று கத்தினார் கிதிர் முகம்மது.

டிரைவர்கள் சிரித்தார்கள். பரமேஸ்வரன் இறங்கவில்லை. அவர் கால் இன்னும் பெடலின் மேலேயே இருந்தது. அந்தக் கால் முப்பது வருடமாக வண்டிகளை மிதித்த கால். ஒரு நொடியில் அது எல்லாவற்றையும் அறிந்துவிட்டது. பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டருக்கு, எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு போய்ச் சேரவில்லை. எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் டியூபில் எங்கேயோ ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபடுவதுதான் சீறல். எளிமையான கோளாறு. முதல் நாளே பெடலை மிதித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். காது பெயர் வாங்கிய நாளிலிருந்து அவர் காலைக் கேட்பதை விட்டுவிட்டார்.

ஜெனி ஜன்னல் பக்கம் வந்தாள். "சாவியைக் குடுங்க அண்ணாச்சி. நேரமாச்சு."

இப்போதும் அவருக்கு வழி இருந்தது. திடீரென்று கேட்டதாகச் சொல்லலாம். பூஸ்டர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கண் சிமிட்டியிருந்தால் வீடியோ இன்னும் நன்றாக வந்திருக்கும். அவர் சாவியைச் சுழற்றி எடுத்து, கைக்குள் மூடிக்கொண்டார்.

"தர மாட்டேன். இந்த வண்டி மலை இறங்கக் கூடாது."

"இப்பத்தான போகச் சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு அந்தச் சத்தம் கேக்கலை."

"இன்னைக்கா?"

"மூணு தடவையும். ரெண்டு வருஷமாவே எனக்குக் கேக்காதும்மா."

போன் பிடித்திருந்தவன் கைதட்டினான். "அண்ணாச்சிக்குக் குசும்பப் பாரேன்!" என்று எல்லாரும் சிரித்தார்கள். காது கேட்காது என்று காதுக்காரரே சொல்கிறார் என்றால் அதைவிட நல்ல நகைச்சுவை ஏது? ஒருவர் வாழ்நாளில் சொன்ன மிகக் கடினமான உண்மையை ஊர் இப்படித்தான் வாங்கிக்கொண்டது. பொய்களை எத்தனை மரியாதையோடு வாங்கியிருந்தார்கள்!

சிரிக்காதவள் ஜெனி ஒருத்திதான். காது மந்தமானவர்கள் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேசுவதை ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறவள். பரமேஸ்வரன் அவள் உதட்டைத்தான் பார்க்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கீச்சுச் சத்தம் மட்டும் கேக்காதோ?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டது தவறென்று உணர்ந்து, குரலைத் தடிப்பாக்கித் திரும்பக் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப எனக்கு நல்லாக் கேக்கும். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவர் இறங்கி அவளை உட்காரவைத்து, எஞ்சின் அணைந்திருக்கும்போதே பெடலை ஐந்தாறு முறை மிதிக்கச் சொன்னார். இறுகியது. அதன் மேல் காலை வைத்திருக்கச் சொல்லி, சாவியைத் தானே திருகி எஞ்சினைப் போட்டார். நல்ல வண்டியானால் பெடல் அப்போது காலுக்கடியில் கொஞ்சம் அமிழ வேண்டும். அமிழவில்லை. பிறகு ஒரு கை நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையை அவளிடம் கொடுத்துக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மறு முனையை எஞ்சினுக்குள் தடித்த கறுப்பு டியூபின் ஓரமாக நகர்த்தினார்.

"இங்கன?"

"இல்லை."

"இங்கன?"

"கொஞ்சம்... இன்னும் பின்னாடி... ஐயோ, காதே போச்சு! அங்கனதான்."

டியூபின் மேல்புறம் புதுசு போலிருந்தது. அடிப்புறம் கையை விட்டுத் தடவினார். விரல் உள்ளே போனது. கிளிப்பைத் தளர்த்தி உருவி எடுத்தபோது, அடியில் பொடிப்பொடியாகக் கடித்த பற்தடம். அதோடு எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு பாலித்தீன் துண்டும், காய்ந்த பரோட்டாத் துணுக்குகளும் வந்தன.

பரமேஸ்வரன் அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, எஞ்சினுக்கு டிபனா?"

ஜெனியின் முகம் சிவந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்ப்பவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்து வந்திருந்தாள். காருக்குள் சாப்பாடு வைத்தால் குரங்கு கண்ணாடி இடுக்கில் கைவிட்டே எடுத்துவிடும். அதனால் பரோட்டா, சால்னா பார்சலைப் பானட்டுக்குள் வைத்து மூடினாள். குரங்குக்குக் கிடைக்காது, சூடும் ஆறாது. சீசனில் டிரைவர்கள் பாதிப்பேர் செய்கிற காரியம். நின்றிருந்த நாலு பேரில் இரண்டு பேர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"சால்னா ஒழுகியிருக்கு," என்றார் பரமேஸ்வரன். "வீட்டுல நிறுத்தினதும் எலி வந்திருக்கு. முதல்ல சின்னதாக் கடிச்சிருக்கும். உறிஞ்சல்ல கிழிசல் பெருசாகி, நேத்து மொத்தமா வாயப் பொளந்திருக்கு."

"குரங்குகிட்டேர்ந்து காப்பாத்தி எலிக்குக் குடுத்திருக்கா," என்றார் கிதிர் முகம்மது. "பெல்ட்டும் மூடியும் அந்த எலி கணக்குலயா அண்ணாச்சி?"

"அது என் கணக்கு. ரெண்டுக்கும் வாங்கினதைத் திருப்பிக் குடுத்திருதேன். நீ வாயை மூடிட்டு டியூபை எடுத்துட்டு வா."

புது டியூபைப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கினார். கை எவ்வளவு போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினார். அந்த வேலை முழுக்க அவர் கண்ணை மூடவில்லை. போன் பிடித்தவன் படம் எடுப்பதை நிறுத்திவிட்டான். வெறும் வேலையில் படம் எடுக்கிற மாதிரி அவனுக்கு ஒன்றும் தென்படவில்லை.

மறுபடி பெடல் சோதனை. எஞ்சின் பற்றியதும் பெடல் ஜெனியின் காலுக்கடியில் மெத்தென்று இறங்கியது. "இறங்குது, இறங்குது," என்று குழந்தை மாதிரிச் சொன்னாள்.

பரமேஸ்வரன் பானட் பக்கம் நின்றபடி அவளைக் கேட்டார்: "இப்ப கேக்குதா?"

தன் பட்டறையில் அவர், பதில் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொண்டு கேள்வி கேட்ட முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

"இல்லை அண்ணாச்சி. சுத்தமா இல்லை."

பிறகும் சாவியைத் தரவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பழைய குற்றாலம் ரோட்டில் இரண்டு முறை ஏற்றி இறக்கி, எட்டு இடத்தில் பிரேக் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவள் டூட்டிக்குப் போய்ச் சேரும்போது ஆறரை ஆகியிருந்தது. போய்ச் சேர்ந்தாள்.

இதற்காகப் பரமேஸ்வரனைப் புகழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தவறான பதிலை மூன்று முறை சொன்னவர், நாலாவதாகச் சரியான பதிலைச் சொன்னார்; அதுவும் பெடல் காலைச் சுட்ட பிறகு. சாவியை மூடிக்கொண்ட அந்தக் கையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வாய் திறப்பதற்கு முன்பே அது மூடிக்கொண்டது. மனிதரில் ஏதோ ஒரு பகுதியாவது பெயருக்குப் பயப்படாமல் இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஊர் இதை வேறு மாதிரி முடித்துவைத்தது. ஒரு வாரத்துக்குள் செய்தி கடையநல்லூர் வரை போயிற்று: பரமேஸ்வரன் அண்ணாச்சிக்கு இப்போது காதே வேண்டாம், காலாலேயே கண்டுபிடித்துவிடுகிறார். வருகிறவர்கள் பானட்டைத் திறப்பதற்குப் பதிலாக டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, கைகட்டி நின்று அவர் காலைப் பார்க்கிறார்கள். "எனக்கு மெல்லிய சத்தம் கேக்காது, நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று அவர் குழாயை நீட்டினால், என்ன ஒரு அடக்கம் என்று வியக்கிறார்கள். அவரும் இரண்டு மூன்று முறை விளக்கிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். விட்டுவிடுவது அவருக்குச் சுகமாகவும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று ஜெனி ஆயில் மாற்ற வந்தாள். கையில் ஒரு காது டாக்டரின் விலாசச் சீட்டு.

"மெஷின் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இப்பல்லாம் ரொம்பச் சின்னது. வெளியே தெரியக்கூடச் செய்யாது."

"மெக்கானிக் காதுல மெஷின் இருந்தா எவன் வண்டி விடுவான்?"

"காது கேக்காமலே விடுதாங்க. மெஷின் வச்சுக் கேட்டா விட மாட்டாங்களோ?"

பக்கத்துக் கடையில் கிதிர் முகம்மது வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தடித்த சிரிப்பு. பரமேஸ்வரனுக்கு நன்றாகவே கேட்டது. சீட்டை வாங்கினார். எழுத்தைப் படித்தார். அடுத்த வண்டிக்காரர் ஹார்ன் அடித்ததால், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெடலை மிதித்துப் பார்க்கப் போனார்.